காங்கேயம் ரோட்டில் பெயர்ப்பலகை இல்லாத பட்டறை: என் வேகன்ஆரின் 'டிக் டிக்'

என்னுடையது 2013 வேகன்ஆர். பெட்ரோல், 998 சிசி, மூன்று சிலிண்டர் கே10 எஞ்சின். ஓடியது 88,000 கிலோமீட்டர். வீடு, தையல் யூனிட், சாயப்பட்டறை, மறுபடி யூனிட் என்றே அதன் காலம் போகிறது. இரண்டு மாதமாக, உள்ளே யாரோ உட்கார்ந்து நகத்தால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். ஐடிலில் லேசாக வரும். மேம்பாலம் ஏறும்போது நன்றாகவே கேட்கும். ஏசி போட்டால் இன்னும் கொஞ்சம்.

எனக்குச் சத்தத்தோடுதான் பிழைப்பு. 26 மெஷின் ஓடுகிற ஹாலில், எந்த ஓவர்லாக்கில் லூப்பர் ஊசியை உரசுகிறது என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவேன். அதனாலேயே இந்த டிக் டிக் என்னைத் தூங்க விடவில்லை.

முதலில் வழக்கமாக சர்வீஸுக்கு விடும் பெரிய இடத்துக்குத்தான் போனேன். பேர் வேண்டாம். யூனிஃபார்ம் போட்ட பையன் பானெட்டைத் தூக்கி அரை நிமிடம் நின்றான். "டாப்பெட் போயிடுச்சு மேடம், ஹெட் இறக்கணும்." டாப்பெட் என்றால் வால்வைத் தட்டித் திறக்கும் பாகம், ஹெட் என்றால் எஞ்சினின் மேல்பாகம். பிரிண்ட் எடுத்துக் கொடுத்த எஸ்டிமேட் 42,000 ரூபாய். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், "சத்தமே சொல்லுதே மேடம்" என்றான். அப்படியே ஓட்டினால் எஞ்சின் சீஸ் ஆகி இறுகி நின்றுவிடும் என்று ஒரு பயமுறுத்தல் வேறு.

எங்கள் கட்டிங் மாஸ்டர்தான் இந்தப் பட்டறையைச் சொன்னார். திருப்பூர் காங்கேயம் ரோட்டில் நல்லூர் தாண்டி உள்ளே திரும்ப வேண்டும். போர்டு கிடையாது, வேப்பமரம்தான் அடையாளம். பெரியவருக்கு அறுபது வயது இருக்கும். கூட ஒரு பையன். நான் போன அன்று மாலை பானெட்டைக்கூட அவர் திறக்கவில்லை. சத்தம் எப்போதிருந்து, ஆயில் எப்போது மாற்றியது, கடைசியாக வண்டியில் யார் கை வைத்தது என்று மூன்று கேள்வி கேட்டார்.

"சூட்டோட வந்திருக்கறீங்க அம்மிணி. ராத்திரிக்கு விட்டுப்போட்டுப் போங்க. காலைல ஆறின எஞ்சினை நானே ஸ்டார்ட் பண்ணிப் பாக்கோணும்."

ஒரு டிக் டிக்குக்கு ராத்திரித் தங்கலா என்று எரிச்சலோடுதான் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன்.

காலை ஒன்பதரைக்கு என் கண் முன்னால்தான் ஆரம்பித்தார். முதலில் டிப்ஸ்டிக். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் சரியாக இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் சிவப்பு ஆயில் விளக்கு உடனே அணைந்ததை எனக்குக் காட்டினார். சத்தம் அப்போதே இருந்தது. ஆறிய எஞ்சினில் வந்து சூடானதும் போய்விட்டால் எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயின் மூட்டிலுள்ள எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட்டைச் சந்தேகப்படலாமாம். இருபது நிமிடம் ஓடவிட்டும் போகவில்லை. பையன் பழந்துணியால் சைலன்சர் வாயைக் கொஞ்ச நேரம் அடைத்துப் பார்த்தான். எக்ஸாஸ்ட் பக்கம் ஓட்டை இருந்தால் சத்தம் கூடுமாம். கூடவில்லை.

அப்புறம் மரப்பிடி போட்ட ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர். நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார், என்னையும் கேட்கச் சொன்னார். இன்ஜெக்டர் மூன்றிலும் ஒரே மாதிரி டக் டக். "இது பெட்ரோல் அடிக்கற சத்தம், நல்ல சத்தம்." டைமிங் செயின் பக்கம் மெல்லிய இரைச்சல் மட்டும். எஞ்சின் மேல்மூடியான கேம் கவரில் ஒன்றுமில்லை. கீழே ஆயில் தேங்கும் சம்ப்பில் வைத்தும் ஒன்றுமில்லை. கனெக்டிங் ராடு பேரிங் போயிருந்தால் அங்கே 'டொக் டொக்' என்று கனமாகக் கேட்கும் என்றார்.

ஸ்க்ரூ டிரைவரைத் தோளில் சாத்திக்கொண்டு அவர் சொன்னது இது: "இரும்புல கேக்கல அம்மிணி, காத்துலதான் கேக்குது."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. உலோகம் உலோகத்தில் தட்டினால் ஸ்க்ரூ டிரைவர் வழியாகக் காதுக்குள் இறங்கியிருக்கும். இது வெளியே நின்று கேட்டால்தான் பெரிதாக இருக்கிறது. அப்படியென்றால் எங்கேயோ காற்று பிய்த்துக்கொண்டு வருகிறது.

எந்த சிலிண்டரில் என்று பார்க்க, இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதல் சிலிண்டரில் வண்டி குலுங்கியது, டிக் டிக் அப்படியே இருந்தது. இரண்டாவதைக் கழற்றியதும் சத்தம் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. எஞ்சினை நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட்டு, அந்த சிலிண்டரின் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயிலை உருவினார். ரப்பரின் அடி கருத்துப்போயிருந்தது. பிளக் இருக்கும் குழியில் சோப்புத் தண்ணீரை நான்கு சொட்டு விட்டு என்னையே செல்ஃப் அடிக்கச் சொன்னார். பையன் டார்ச் பிடித்தான். நான் இறங்கி வந்து பார்த்தபோது, சைக்கிள் பஞ்சர் தொட்டியில் வருகிற மாதிரி குழிக்குள் நுரை நிற்கிறது. ஏர் அடித்துக் காயவைத்துவிட்டு ஸ்பேனரைப் போட்டார். பலமே கொடுக்காமல் பிளக் சுற்றிக்கொண்டு வந்தது. மரையெல்லாம் கரி. சரியாக முடுக்காத பிளக்கின் இடுக்கில்தான் காற்று பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது.

"கடைசியா பிளக் யாருங்க மாத்துனது?"

இரண்டு மாதத்துக்கு முந்தைய சர்வீஸ் பில்லில் 'ஸ்பார்க் பிளக் 3' என்று இருந்தது. 42,000 எஸ்டிமேட் போட்ட அதே இடம். நான் சொன்னதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, டாப்பெட் பற்றி மட்டும் சொன்னார். மாருதி 800 போல ஸ்க்ரூவைத் திருகி இதில் டாப்பெட் சரிசெய்ய முடியாது, ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய தகட்டால் இடைவெளியை அளந்துதான் எதுவும் சொல்ல வேண்டும். "ஃபீலர் கேஜ் வெக்காம டாப்பெட்டுன்னா அது ஜோசியமுங்க."

ஹெட்டில் மரை நல்லவேளை சேதமாகவில்லை. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் மரை போயிருக்கலாம், அப்போது செலவு வேறு. மூன்று பிளக்கும் புதிதாகப் போட்டு, முதலில் கையால் இறக்கி, கடைசியில், எவ்வளவு பலம் என்று அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சில் முடுக்கினார். பிளக் 420, கூலி 500. மொத்தம் 920 ரூபாய். இப்போது மூன்று வாரம் ஆகிறது. அதே மேம்பாலத்தில் கதவில் இருக்கும் தண்ணீர் பாட்டில் ஆடுகிற சத்தம்தான் கேட்கிறது.

குறை இல்லாமல் இல்லை. போனை எடுக்கவே மாட்டார். பில் கிடையாது, அட்டைப்பெட்டியின் பின்பக்கம் கணக்கு எழுதிக் காட்டுகிறார். கம்பெனிக் கணக்கில் செலவு காட்டுபவர்களுக்குச் சரிவராது. பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, நான் எதிர்ச் சாரியில் இருக்கும் மாவு மில்லில் கேட்டுப் போனேன். ஸ்டீயரிங்கில் பையனின் கிரீஸ் விரல் ஐந்தும் பதிந்திருந்தது, துடைக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. டீசல் வண்டி எடுப்பதில்லை என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார், கொண்டுபோய் அலையாதீர்கள்.

ஐந்துக்கு நாலரை. அந்த அரை, கிரீஸுக்கு.