ஃபேஜ் எதிர் கிரிஸ்பர்: எந்தக் கணித மாதிரி எங்கே உடைகிறது?

பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸும், அந்த வைரஸின் மரபுத் துண்டுகளைச் சேமித்து பாக்டீரியாவைக் காக்கும் கிரிஸ்பர் அமைப்பும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே போகின்றன. இந்தக் கூட்டுப் பரிணாமத்தைக் கணக்கில் பிடிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: சராசரி மாற்ற வீதங்களை எழுதும் வகையீட்டுச் சமன்பாடுகள், ஒவ்வொரு நிகழ்வையும் பகடை உருட்டித் தீர்மானிக்கும் வாய்ப்பியல் உருவகம், ஃபேஜ் கூட்டத்தையே நகரும் அலையாகப் பார்க்கும் அலை மாதிரி. எது மேல் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஆட்டத்தைத் திருப்பும் சடுதிமாற்றம் குடுவைக்குள் எத்தனை பிரதிகளாக இருக்கும் என்று முதலில் கையால் கணக்குப் போட வேண்டும். தேர்வு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

மூன்றையும் ஒரே குடுவையில் வைத்துப் பார்ப்போம். 10 மி.லி. கெமோஸ்டாட் (புது ஊட்டநீர் தொடர்ந்து நுழைய, அதே அளவு வெளியேறும் வளர்ப்புக் குடுவை), மி.லி.க்கு 10⁸ பாக்டீரியா, மணிக்கு 0.2 வெளியேற்றம். ஒட்டல் வீதம் மணிக்கு 10⁻⁷ மி.லி., தொற்றியதிலிருந்து வெடிக்கும் வரையான உள்மறைவுக் காலம் 30 நிமிடம், ஒரு பாக்டீரியா வெடித்தால் 80 ஃபேஜ். தொற்றுக்கு 10⁻⁶ வாய்ப்பில் புது ஸ்பேசர் (கிரிஸ்பர் சேமிக்கும் ஃபேஜ் துண்டு) சேர்கிறது. ஸ்பேசரிடமிருந்து தப்ப ஃபேஜின் மரபுத் தொடரில் கிரிஸ்பர் முதலில் சரிபார்க்கும் பாம் (PAM) பகுதியிலோ அதை அடுத்த விதைப் பகுதியிலோ ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். அப்படிப்பட்ட இடங்கள் சுமார் 10, ஓர் எழுத்து மாறும் வாய்ப்பு 10⁻⁸-இன் சில மடங்கு. ஆகவே தப்பும் வாய்ப்பு 5×10⁻⁷ என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் தொற்றலையில் 10⁹ பாக்டீரியாவும் வெடித்தால் 8×10¹⁰ ஃபேஜ். குறிப்பிட்ட ஒரு ஸ்பேசரைத் தாண்டும் பிறழ்விகள் (சடுதிமாற்றம் பெற்ற ஃபேஜ்கள்) அவற்றில் 40,000. ஒரே பாக்டீரியாவில் இரண்டு ஸ்பேசர் இருந்து, இரண்டையும் ஒரே தாவலில் தாண்ட வேண்டுமானால் 0.02. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் மாதிரிகள் பிரிகின்றன.

வகையீட்டுச் சமன்பாடுகள்

லெவின், ஸ்டூவர்ட், சாவ் மூவரும் 1977-இல் ஃபேஜ்–பாக்டீரியா கெமோஸ்டாட்டுக்கு எழுதிய சட்டகம் இன்றும் அடித்தளம். 40,000 பிரதிகள் உள்ள இடத்தில் இதைவிட மலிவாகவும் துல்லியமாகவும் வேறெதுவும் கிடையாது. சில நொடிகளில் ஓடிவிடும், அளவுருக்களை ஆயிரம் விதமாக மாற்றிப் பார்க்கலாம்.

பலரும் சறுக்குவது உள்மறைவுக் காலத்தில். தொற்றியவை என்று ஒரே ஒரு பெட்டி வைத்து, அதிலிருந்து மணிக்கு 2 என்ற வீதத்தில் வெடிக்க விட்டால் சராசரி 30 நிமிடம்தான். ஆனால் தொற்றிய மறுநிமிடமே வெடிக்கும் பாக்டீரியாக்களும் அதில் அடக்கம், தொடக்கப் பெருக்கத்தை இழுத்துச் செல்வது அவைதான். நம் எண்களில், எல்லா பாக்டீரியாவும் தொற்றக்கூடியவையாக இருக்கும்போது, ஃபேஜின் பெருக்க வீதம் மணிக்கு 34 என்று வரும். துல்லியமாக 30 நிமிடத் தாமதம் வைத்த தாமத வகையீட்டுச் சமன்பாடு தருவது 7.6. நாலரை மடங்கு பிழை, அதுவும் அடுக்குக்குறியில்! தாமதச் சமன்பாட்டைத் தீர்க்கும் நிரல் (தீர்வி) கைவசம் இல்லையென்றால் தொற்றிய நிலையைப் பத்துப் படிகளாகப் பிரிக்கலாம். வீதம் சுமார் 9-க்கு இறங்கிவிடும், படிகளைக் கூட்டக் கூட்ட 7.6-ஐ நெருங்கும்.

அடுத்து, எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியாவிலும் ஃபேஜ் ஒட்டும், ஒட்டினால் அழியும். இந்த இழப்பு மணிக்கு 10⁻⁷×10⁸ = 10. கெமோஸ்டாட் வெளியேற்றமோ 0.2 மட்டுமே. ஐம்பது மடங்கு பெரிய உறுப்பை விட்டுவிட்டால், எதிர்ப்புள்ள கூட்டத்தில் ஃபேஜ் நாள்கணக்கில் தங்குவதாக மாதிரி காட்டும். உறுப்பைச் சேர்த்தால் 10¹⁰ ஃபேஜும் இரண்டரை மணிக்குள் தீர்ந்துவிடும்.

ஸ்பேசர் பன்முகத்தன்மையின் பலமும் இந்த உறுப்பில்தான் ஒளிந்திருக்கிறது. 50 குளோன்கள், ஒவ்வொன்றிலும் வேறு ஸ்பேசர் என்றால், ஒன்றைத் தாண்டிய பிறழ்விக்கு 50-இல் ஓர் ஒட்டல்தான் பலிக்கும். 80/50 = 1.6, இன்னும் பெருகும். குளோன்கள் 100 ஆனால் 0.8, அழியும். வெளியேற்றத்தை ஒதுக்கிவிட்டால், குளோன் எண்ணிக்கை வெடிப்பு அளவைத் தாண்டுவதே எல்லைக்கோடு. சூடோமோனாஸ் ஏரூஜினோசாவில் பன்முக ஸ்பேசர் கூட்டம் ஃபேஜைத் துடைத்தெறிவதை 2016-இல் சோதனையாகவே காட்டினார்கள். சமன்பாடு இதைப் பிடிக்க வாய்ப்பியல் எதுவும் தேவையில்லை.

உடைவது 0.02-இல். சமன்பாட்டுக்குப் பின்ன ஃபேஜ் என்றால் கூச்சமே கிடையாது. இரட்டை ஸ்பேசர் பாக்டீரியா குடுவையை நிரப்பியிருக்கும்போது அந்த 0.02 ஃபேஜ் மணிக்கு 7.6 வீதத்தில் வளர்ந்து, மூன்றரை மணியில் 10¹⁰ ஆகிவிடும். ஆகவே மாதிரியில் இரட்டை எதிர்ப்பு எப்போதும் தோற்கும். நிஜத்தில் 50 குடுவைகளில் 49-இல் அந்த ஃபேஜ் பிறக்கவே பிறக்காது.

தீர்வியின் சகிப்பளவும் (அது பொறுத்துக்கொள்ளும் எண்பிழை) இதே பேயைக் கிளப்பும். மாறிகளை 10⁹-ஆல் வகுத்துவிட்டு, தனிப் பிழைச் சகிப்பை 10⁻⁶ என்று இயல்புநிலையிலேயே விட்டால், மி.லி.க்கு 1,000 வரையிலான ஃபேஜ் வெறும் எண்பிழையாக இருக்கலாம். அந்தப் பிழையும் பெருகும். மடக்கை எடுத்துத் தீர்ப்பது பாதுகாப்பு.

இன்னொரு வரம்பு, சமன்பாடுகளின் எண்ணிக்கை. 100 ஸ்பேசரில் ஏதேனும் மூன்றைத் தாங்கும் பாக்டீரியா வகைகளே 1,61,700. ஃபேஜ் வகைகளோடு இணைத்து எழுதினால் எந்த நினைவகமும் தாங்காது.

வாய்ப்பியல் உருவகம்

கில்லெஸ்பி 1977-இல் தந்த செயல்முறை 0.02-ஐ நேர்மையாகக் கையாளும்: ஐம்பது ஓட்டத்தில் ஒரு முறை அந்த ஃபேஜ் பிறக்கும், மற்றவற்றில் இல்லை. விலைதான் பிரச்சினை. நம் குடுவையில் பிரிதலும் வெளியேறலும் மட்டுமே 500 மணி நேரத்துக்கு 2×10¹¹ நிகழ்வுகள். நொடிக்குப் பத்து லட்சம் நிகழ்வு கையாளும் நிரலுக்கு ஒரு ஓட்டத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் ஆகும், நமக்கு வேண்டியதோ நூற்றுக்கணக்கான ஓட்டங்கள்.

இதைத் தவிர்க்க வழக்கமாகச் செய்வது: குடுவையை ஆயிரத்தில் ஒன்றாகச் சுருக்கி, சடுதிமாற்ற வாய்ப்பை ஆயிரம் மடங்கு உயர்த்துவது. பெருக்கற்பலன் மாறாது என்ற சமாதானம் ஒற்றைப் பிறழ்விக்குச் சரி: 8×10⁷ × 5×10⁻⁴ = அதே 40,000. இரட்டைப் பிறழ்வியில் வாய்ப்பு இருபடியாகிவிடுவதால் 0.02 என்பது 20 ஆகும். எதற்காக வாய்ப்பியலுக்கு வந்தோமோ அதையே இந்தச் சுருக்கல் அழித்துவிடுகிறது. நேரப் படிகளில் தாவும் டௌ முறை இதைவிட நல்லது. ஆனால் எண்ணிக்கை குறைந்த வகைகளில் படியையும் சுருக்காவிட்டால் அது எதிர்ம எண்களில் போய் விழும்.

ஒற்றைப் பிரதி அழியாமல் பெருகி நிலைகொள்ளும் வாய்ப்பைப் பலர் மரபியலாளர் ஹால்டேனின் விதிப்படி அனுகூலத்தின் (சராசரிச் சந்ததி ஒன்றைவிட எவ்வளவு கூடுதலோ அதன்) இரு மடங்கு என்று எடுக்கிறார்கள். ஒவ்வொரு பிரதியும் சராசரியாக ஒன்றைச் சுற்றியே சந்ததி விடும் உயிருக்குத்தான் அது பொருந்தும். ஃபேஜுக்கு ஒன்றுமில்லை அல்லது 80, அவ்வளவுதான். மேலே பார்த்த 1.6 சராசரியுள்ள பிறழ்வி நிலைகொள்ளும் வாய்ப்பு 1.3 சதவீதம் மட்டுமே, ஹால்டேன் விதியோ 1-ஐத் தாண்டிய அபத்த எண்ணைத் தரும். ஆனால் அங்கே 40,000 பிரதிகள் உள்ளன, 1.3 சதவீதமே 500-க்கு மேல். ஆகையால் சமன்பாடு சொன்ன பதில் மாறாது. அங்கே வாய்ப்பியலுக்குச் செலவிடும் கணினி நேரம் வீண்.

அலை மாதிரி

ஃபேஜ்களை, ஒத்தவை அருகருகே அமையும் அடையாள வெளியில் புள்ளிகளாக வைத்து, பாக்டீரியாவின் நினைவில் உள்ள புள்ளியிலிருந்து விலக விலகப் பாதுகாப்பு அடுக்குக்குறியாகக் குறைவதாகக் கொண்டால், கூட்டம் முழுதும் ஒரு வேகத்தில் ஓடும் அலையாகிறது. நீண்டகாலக் கேள்விகளுக்கு இது அழகு: அலைவேகம் எதைச் சார்ந்தது, கிளை எப்போது பிரியும் என்பவற்றுக்கு ஒரு வரிச் சூத்திரமே கிடைக்கும். அலையின் நுனியில் இருப்பது மிகச் சில பிரதிகள். சிம்ரிங், ஹெர்பர்ட் லெவின் (மேலே சொன்னவர் அல்லர்), கெஸ்லர் 1996-இல் காட்டியபடி, நுனியை ஒரு பிரதியில் வெட்டாவிட்டால் வேகம் வரம்பின்றி ஏறும். வெட்டினால் தொகையின் மடக்கையின் மூன்றாம் மூலத்துக்கு ஏற்பவே ஏறும். தொகையை 10⁶-இலிருந்து 10¹²-க்கு உயர்த்தினாலும் வேகம் 1.26 மடங்குதான்.

ஆனால் கிரிஸ்பருக்கு இதை அப்படியே மாட்டுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. விதைப் பகுதியில் ஓர் எழுத்து மாறினால் பாதுகாப்பு கிட்டத்தட்ட முழுதும் போய்விடும். மெல்லத் தேயும் வளைவு முதுகெலும்பிகளின் எதிர்ப்புரதத்துக்கே பொருத்தம். முதலாம் வகை கிரிஸ்பரில் முழுதாகப் பொருந்தாத ஸ்பேசரே புது ஸ்பேசர் சேர்ப்பைத் தூண்டுவதால், அங்கே மட்டும் ஓரளவு நியாயம் இருக்கிறது.

கலப்பு முறை

0.02-உம் 40,000-உம் ஒரே ஓட்டத்தில் வரும் கேள்விக்கு நான் எடுப்பது கலப்பு முறை. பெருத்த வகைகளைத் தாமதச் சமன்பாட்டிலும், சிறுத்தவற்றைப் பகடையிலும் ஓட்ட வேண்டும். எல்லைக்கோட்டை அடர்த்தியில் வைக்காமல் பிரதி எண்ணிக்கையில் வைக்க வேண்டும். 100 பிரதி போதாது, இரண்டே வெடிப்பு அதைத் தாண்டிவிடும். வெடிப்பு அளவின் பத்து மடங்குக்கு மேல், சுமார் 1,000, சரியாக வரும். ஏறும்போது 1,000, இறங்கும்போது 500 என்று இடைவெளி விட்டால் வகைகள் முன்னும் பின்னும் துள்ளாது. பகடையிலிருந்து சமன்பாட்டுக்கு மாற்றும்போது, தொற்றி இன்னும் வெடிக்காத பாக்டீரியாக்களை அவற்றின் தொற்று வயதோடு சேர்த்து மாற்ற வேண்டும். இதை மறந்தால் ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு தலைமுறை ஃபேஜ் காணாமல் போகும். கடைசியில் எல்லைக்கோட்டை 10,000-ஆக உயர்த்தி மறுபடி ஓட்டுங்கள். ஃபேஜ் அழியும் ஓட்டங்களின் விகிதம் நகர்ந்தால், பிழை பெரும்பாலும் இந்தக் கைமாற்றத்தில்தான் இருக்கும்.