சீனியர் பேராசிரியரா, புது எம்.இ. பட்டதாரியா?

நம்ம திருநெல்வேலிப் பக்கம் சம்பள பாக்கி தாங்காமல் சீனியர்கள் கிளம்பியதும் சில தனியார் இன்ஜினியரிங் கல்லூரிகள், போன வருஷம் எம்.இ. முடித்த பையனைப் பாதிச் சம்பளத்துக்குப் பிடித்துப் போட்டுவிடுகின்றன.

புதியவர் மோசம் என்று சொல்ல மாட்டேன். பைத்தான், மேட்லாப் மாதிரி கம்ப்யூட்டர் புரோகிராமிங் எல்லாம் சரளமாக வரும். சில சீனியர்கள் பழுப்பேறிய நோட்ஸையே வாசிப்பவர்கள், அதுவும் உண்மை.

ஆனால் லேபில் வித்தியாசம் தெரிந்துவிடும். மூன்று ஃபேஸ் மோட்டார் சுற்றாமல் உறுமினால் புதியவர் மேனுவலைப் புரட்டுவார். அனுபவசாலி சத்தம் கேட்டதுமே, “எலே, முதல்ல ஆஃப் பண்ணு, காயில் எரிஞ்சிரும், ஒரு ஃபேஸ் வரல, ஃபியூஸைப் பாரு” என்பார். பணகுடி காற்றாலைக்கோ கூடங்குளத்துக்கோ வேலைக்குப் போகிற பையனுக்கு வேண்டியது இந்தக் காதுதான். ஃபைனல் இயர் புராஜெக்ட் காசு கொடுத்து வாங்கியதா என்பதையும் ரெண்டே கேள்வியில் பிடித்துவிடுவார்.

தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇ சொல்கிற 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில் இருவரும் ஒரு தலைதான். அந்தக் கணக்கும் எவ்வளவு தூரம் நிஜம்? ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிப் பட்டியல்களில் இருந்தது 2024-இல் வெளிவந்ததே! கவுன்சலிங் போகிறவர்கள் ஏசி கிளாஸ்ரூமை விடுங்கள், துறையில் பத்து வருஷம் தாண்டியவர் எத்தனை பேர் என்று மூன்றாம் வருஷப் பையனிடம் கேளுங்கள், அவன் மறைக்க மாட்டான்.