ஐயாயிரம் ரூபாய் வெல்டிங் மெஷின்: வீட்டுக்கு வாங்கலாமா?

எடை ஐந்து கிலோகூட இல்லை, விலை ஐயாயிரத்தை ஒட்டி, பெட்டி மேலே கொட்டை எழுத்தில் 200 ஆம்ப்ஸ். கிருஷ்ணகிரியில் ஹார்டுவேர் கடைகளில் இப்போது இந்த மாதிரி குட்டி இன்வெர்ட்டர் மெஷின்களைத்தான் (கனமான காயிலுக்குப் பதில் எலெக்ட்ரானிக் போர்டில் ஓடுகிற வெல்டிங் மெஷின்) அடுக்கி வைத்திருக்கிறார்கள். வெல்டிங் என் தொழில் இல்லை. காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்பில் வேலிக் கதவு, பழக் கிரேட் அடுக்குகிற ஸ்டாண்டு, மாட்டுக் கொட்டகைக்கு ஒரு குறுக்குப் பட்டை என்று எப்போதும் ஏதாவது ஒட்டவேண்டியிருக்கும், அதற்காக வாங்கியதுதான்.

அந்த 200 ஆம்ப்ஸை மட்டும் நம்பாதீர்கள். கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும்: 200 ஆம்ப்ஸில் ராடு (உருகி இரும்பை ஒட்டவைக்கிற குச்சி) எரிய ஏறக்குறைய 28 வோல்ட் வேண்டும், அதாவது 5,600 வாட், மெஷினுக்குள் வீணாகிறதையும் சேர்த்தால் 230 வோல்ட் வீட்டு லைனிலிருந்து 28, 30 ஆம்ப்ஸாவது இழுக்கவேண்டும், நம் வீட்டு ஏசி பிளக்கோ 16 ஆம்ப்ஸ்தான். அப்புறம் எங்கிருந்து 200 வரும்? 80 ஆம்ப்ஸில் வைத்தால் அதே பிளக்கில் இழுப்பது 10 முதல் 14 ஆம்ப்ஸுக்குள் அடங்கிவிடுகிறது, எம்சிபி (லோடு கூடினால் தானாக அணைகிற ஸ்விட்ச்) விழுவதில்லை.

அந்த 80க்குள் மெஷின் நன்றாகவே வேலை செய்கிறது, அதைச் சொல்லவேண்டும். 12 நம்பர் ராடு, அதாவது 2.5 மில்லி தடிமனில் 6013 என்கிற ரகம், தொட்டதும் பிடிக்கிறது, பழைய காயில் மெஷினில் புதிதாகக் கற்பவரைப் படுத்தும் அந்த ஒட்டிக்கொள்ளும் தொல்லை இதில் ரொம்பக் குறைவு. ஆங்கிள், பட்டை எல்லாம் சுத்தமாக உருகிச் சேர்கிறது, மேலே படிகிற கசடு தட்டினால் ஓடு மாதிரி கழன்று வருகிறது. மெல்லிய 18 கேஜ் ஸ்கொயர் பைப்தான் சோதனை, கொஞ்சம் நின்றாலும் ஓட்டை. அதற்கு ராடு பிடிக்கிற ஹோல்டரை மைனஸில் மாட்டி, எர்த்தை (இரும்பைக் கவ்வுகிற கேபிளை) பிளஸுக்கு மாற்றி, 50, 55 ஆம்ப்ஸுக்கு இறக்கி, விட்டுவிட்டுப் புள்ளி புள்ளியாக டாக் அடித்தால் தப்பிக்கலாம். அதைவிடத் தடியான 10 நம்பர் ராடும் எரிகிறது, ஆனால் கொஞ்ச நேரத்தில் சூடாகி, மஞ்சள் விளக்கு எரிந்து மெஷின் படுத்துவிடும், மே மாத வெயிலில் சொல்லவே வேண்டாம்.

தோட்டத்து மோட்டார்கள் ஒன்றாக ஓடுகிற நேரத்தில் எங்கள் பக்கம் வோல்டேஜ் 180க்கு இறங்கும், அப்போது ஆர்க் (ராடு நுனியில் எரிகிற மின்பொறி) அறுந்து அறுந்து போகிறது, அந்த நேரத்தில் வேலையை நிறுத்துவதே மேல். அதற்காகக் கிணற்று மோட்டார் லைனில் கொக்கி போட்டுவிடாதீர்கள், இலவச விவசாயக் கரண்டை வேறு வேலைக்கு எடுப்பது விதிமீறல்.

கூட வருகிற சாமான்கள்தான் மோசம். கேபிளின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன், மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை, அலுமினியம்! நீளமும் கைக்கு எட்டாது, ஹோல்டர் சீக்கிரம் சுடுகிறது. கையில் பிடிக்கிற கண்ணாடி அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, தானாகக் கருக்கிற ஹெல்மெட் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி கண்ணில் மணல் கொட்டினாற்போல் எரிந்து தூங்க முடியாமல் கிடந்தவர்களைக் கேட்டால் தெரியும். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பாக இருந்தால் ஒட்டும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், துத்தநாகப் புகையை இழுத்தால் அன்றைக்கே காய்ச்சல், குளிர் வரும். நல்ல செம்புக் கேபிள், ஹெல்மெட், கையுறை எல்லாம் சேர்த்தால் மெஷின் விலையில் பாதிக்கு மேல் ஆகிவிடும், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

எங்கள் ஊர்ப் பட்டறை அண்ணன் இதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒட்டுப்போட வச்சுக்கோ தம்பி, கேட் செய்ய எங்கிட்ட வந்துடு" என்றார். சரிதான், டிரெய்லர் ஹூக், பெரிய கேட் மாதிரி பாரம் தாங்குகிற வேலையை நானும் அவரிடமே கொடுத்துவிடுகிறேன்.

வாங்கும்போது போர்டு போனால் எங்கே சரிசெய்வார்கள் என்று கேட்டு, பில்லில் வாரண்டியை எழுதி வாங்குங்கள். நான் வாங்கிய கடையில் பெங்களூருக்கு அனுப்பவேண்டும் என்றார்கள். ஓசூரைத் தாண்டினால் பெங்களூர் என்பதால் எங்களுக்குப் பரவாயில்லை, அரூர், பென்னாகரம் பக்கத்துக்காரர்கள் கொஞ்சம் யோசித்து வாங்குங்கள்.