பழைய க்வில்ட் தோற்றத்துக்கு 80/20 பஞ்சு: சில வருடம் புழங்கிய பிறகு

புதுத் துணியில் தைத்த க்வில்ட் (இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) பழைய மரப்பெட்டியில் இருந்து எடுத்ததுபோல இருக்க வேண்டுமா? துணிக்குச் செலவழிக்கும் முன் நடுவில் வைக்கும் பஞ்சைப் பாருங்கள். சில வருடங்களாக நான் வைத்துத் தைப்பது ஹாப்ஸ் நிறுவனத்தின் ஹெயர்லூம் 80/20 பஞ்சு. 80 சதவீதம் பருத்தி, மீதி பாலியெஸ்டர்.

பழைய அமெரிக்க க்வில்ட்களில் தையல் ஓடும் இடமெல்லாம் துணி சுருங்கிச் சுருங்கி நிற்குமே, அதில் பெரும்பங்கு துவைத்ததால் வந்தது. உள்ளே பருத்தி சுருங்கும்போது மேல்துணியையும் இழுத்துக்கொள்கிறது. இந்தப் பஞ்சு 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 80 அங்குலம் தைத்தால் துவைத்தபின் 76, 77 அங்குலம்தான் மிஞ்சும். கட்டில் அளவுக்குத் தைப்பவர்கள் அதையும் சேர்த்து வெட்டுங்கள். துணியை முன்கூட்டி நனைக்காமல் தைத்தால் சுருக்கம் இன்னும் அழகாக விழும். சிவப்புத் துணிக்கு மட்டும் விதிவிலக்கு: ஒரு துண்டை வெந்நீரில் போட்டுப் பார்த்துவிடுங்கள், சாயம் விட்டால் பக்கத்துக் கட்டமெல்லாம் ரோஸ்தான்.

தையல் கோடுகளுக்கு நடுவே 4 அங்குலம் வரை விடலாம் என்கிறது தயாரிப்பாளர் குறிப்பு. பஞ்சுக்கு அது போதும், பழைய தோற்றத்துக்குப் போதாது. அந்தக் காலத்துப் பஞ்சு துவைத்தால் திரண்டுவிடும், அதனால்தான் அவ்வளவு நெருக்கமாகத் தைத்தார்கள். நான் ஒரு அங்குல இடைவெளியில் பாப்டிஸ்ட் ஃபேன் எனப்படும், விசிறிபோல அடுக்கடுக்காக வரும் வளைவுகளைக் கையால் ஓட்டுகிறேன். மாதக்கணக்கில் இழுக்கும் வேலைதான். மெஷினில் வளைத்து வளைத்து ஓட்டும் ஸ்டிப்ளிங் என் கண்ணுக்கு எப்போதும் புதுசாகவே தெரிகிறது.

சோபாவில் கிடக்கும் க்வில்ட்தான் அதிகம் அடிபடுகிறது. மெஷினில் துவைத்து டிரையரில் காயப்போடுகிறேன். முதல் துவைப்பில் சுருங்கியதுதான், அதன்பிறகு அளவு பெரிதாக மாறவில்லை, பஞ்சும் திரளவில்லை. முதலில் நைந்தது ஓரப்பட்டிதான். இப்போது பட்டியை இரட்டையாக மடித்தே வைக்கிறேன்.

டீத்தண்ணீரில் முக்கிப் பழுப்பாக்கும் வித்தை எனக்குச் சரிப்படாது. டீயில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் நாளாவட்டத்தில் பருத்தி இழையைப் பலவீனமாக்கும். நிறம் நிற்க இரும்பு உப்பு சேர்த்தால் இன்னும் மோசம்: 19-ஆம் நூற்றாண்டு க்வில்ட்களில் மற்ற துண்டுகள் உறுதியாக இருக்க, இரும்பு சேர்த்துச் சாயமேற்றிய பழுப்புத் துண்டுகள் மட்டும் பொடிந்து உதிர்ந்திருப்பதைப் பார்க்கலாம். பழுப்பு வேண்டுமென்றால் அந்தக் கால அச்சுகளைப் பார்த்து இன்று அடிக்கும் ரிப்ரொடக்ஷன் துணியிலேயே வாங்கிக்கொள்ளலாம்.