பிரெஞ்சு ப்ரோநவுன்: ஆங்கிலம் வழியா, தமிழ் வழியா, காது வழியா?

வேலூரில் பிரெஞ்சு படிக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. மொழிப்பாடத்தில் மார்க் அள்ளலாம் என்று பிளஸ் டூவில் எடுத்த பிள்ளைகள் ஒரு வகை, கனடா போகலாமே என்று டியூட்டி முடித்துவிட்டு வந்து புத்தகத்தைத் திறக்கிற நர்ஸ்களும் ஐ.டி. ஆட்களும் இன்னொரு வகை. (2023லிருந்து கனடா பிரெஞ்சு தெரிந்தவர்களைத் தனியாகக் கூப்பிடுகிறது. ஆனால் அதற்குக் கிட்டத்தட்ட பி2 அளவு வேண்டும்; ஏ1, ஏ2, பி1, பி2 என்பவை மொழித் திறனின் படிகள், ஏ1 தான் முதல் படி.) இரண்டு வகையும் முட்டி நிற்கிற இடம் ஒன்றுதான்: பிரதிப்பெயர்கள். வினைச்சொல் அட்டவணையை எப்படியாவது உருப்போட்டுவிடலாம். இந்த ல, லா, லே, லுய், ஈ, ஆன் எல்லாம் வாக்கியத்துக்குள் குட்டிக்குட்டியாய் ஓடி ஒளிந்துகொள்வதுதான் தலைவலி.

இங்கே கிடைக்கிற வழிகள் மூன்று. ஆங்கிலத்தில் எழுதிய பட்டியலைப் படிப்பது (டியூஷன் நோட்ஸ், செயலிகள் எல்லாம் இந்தக் கணக்குதான்), நம் வேற்றுமை உருபை வைத்துப் புரிந்துகொள்வது, இலக்கணத்தை ஓரம் கட்டிவிட்டு முழு வாக்கியமாகக் காதில் ஏற்றுவது. எது நல்லது என்று மொத்தமாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எந்தக் கட்டத்துக்கு எது என்று கேட்டால் இருக்கிறது.

ஏ1ல் பெரிய சண்டை இல்லை. தூ, வூ இரண்டும் நமக்கு நீ, நீங்கள்; இதை ஆங்கிலம் வழியாகப் படிப்பது வீண் சுற்று. பாடத்தில் 'நூ' என்று வருகிற 'நாம்' பேச்சில் பெரும்பாலும் 'ஓன்' ஆகிவிடும் என்பதை மட்டும் முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள், பல நோட்ஸில் இது கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். சாவி பெண்பால், பஸ் ஆண்பால் என்பதற்குத் தமிழும் உதவாது, ஆங்கிலமும் உதவாது.

ஏ2ல்தான் தமிழ் வழி ஜெயிக்கிறது, அதுவும் நன்றாகவே. ஆங்கிலத்தில் 'ஹிம்' என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது, அதனால் அந்த வழியில் வந்தவர்கள் 'ஜ ல தெலெஃபோன்' என்று எழுதிவிட்டு ஏன் தப்பு என்று கேட்பார்கள். தமிழில் யோசித்தால் கேள்வியே வராது. அவரைப் பார்க்கிறேன்: 'ஜ ல வுவா'. அவருக்குப் போன் பண்ணுகிறேன்: 'ஜ லுய் தெலெஃபோன்'. ஐ வந்தால் ல, லா, லே. கு வந்தால் லுய், பன்மைக்கு லெர். நம் 'அவருக்கு' ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இருப்பது போலவே 'லுய்'யும் இருபாலுக்கும் பொது. 'அவரிடம் கேட்டேன்', 'அவரோடு பேசினேன்' இவையும் லுய் பக்கமே போகும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். நாம் அவருக்கு உதவுகிறோம், பிரெஞ்சுக்காரர் அவரை உதவுகிறார்: 'ஜ லெத்'. நாம் அவருக்காகக் காத்திருக்கிறோம், அங்கே 'ஜ லத்தான்'. இப்படி ஏமாற்றுகிற வினைகளைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால் போதும், பக்கம் சீக்கிரம் நிரம்பாது.

தமிழ் வழிக்கு இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. "சாவி பார்த்தியா?" "பார்க்கலை." பதிலில் சாவியைப் பற்றிப் பேச்சே இல்லை, நமக்கு அது தேவையும் இல்லை. பிரெஞ்சில் 'ஜ ந லே பா வ்யூ' என்று அந்த ல் கட்டாயம் உட்கார வேண்டும். தமிழில் யோசிக்கிறவர் அதைத் தப்பாகப் போடமாட்டார், போடவே மாட்டார். இந்த இடத்தில் 'இட்' போட்டுப் பழகிய ஆங்கில மீடியம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சாதகம், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

ஈ ('அங்கே' மாதிரி), ஆன் ('அதில்' மாதிரி) வரும்போது இரண்டு மொழியும் கையை விரித்துவிடும். ஆற்காடு மக்கன் பேடா எத்தனை சாப்பிட்டாய் என்றால் "ரெண்டு" என்கிறோம், மிஞ்சினால் "அதில் ரெண்டு". பிரெஞ்சில் 'ஜானே மான்ஜே தோ', அந்த 'ஆன்' இல்லாமல் எண்ணிக்கை நிற்காது. பேச்சில் அது தனிச் சொல்லாகக் கேட்காமல் பக்கத்துச் சொல்லோடு ஒட்டி வருவதால் பட்டியலில் படித்தவர் காதில் விழுந்தும் அடையாளம் தெரியாமல் விட்டுவிடுவார். 'இல்யானா' (அது இருக்கிறது), 'ஜி வே' (அங்கே போகிறேன்), 'ஓனிவா' (போகலாம்), 'வாஸி' (போ) இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ஒரே உருண்டையாக விழுங்குங்கள், பிரித்துப் பார்ப்பது பிறகு. இரட்டைப் பிரதிப்பெயருக்கும் இதே வைத்தியம்தான். 'இல் ம ல தோன்' என்றால் எனக்கு அதைக் கொடுக்கிறார், 'இல் ல லுய் தோன்' என்றால் அவருக்கு அதைக் கொடுக்கிறார், வரிசை தலைகீழ். கட்டளையில் 'தோன் ல முவா', கொடுக்காதே என்றால் மறுபடி 'ந ம ல தோன் பா'. வரிசைப்படம் போட்டு விளக்குகிற ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் பேசும்போது யாரும் படம் பார்த்துவிட்டு வாயைத் திறப்பதில்லை.

காது வழிக்கு வேலூரில் ஆள் கிடைப்பது கஷ்டம் என்பார்கள். சென்னையில் பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் வரை போக முடிந்தால் நல்லது, முடியாதவர்களுக்கு ஆர்.எஃப்.ஐ. என்ற பிரெஞ்சு வானொலியும் டிவி5மோந்த் என்ற பிரெஞ்சு டிவி தளத்துப் பயிற்சிகளும் இலவசம். காட்பாடியிலிருந்து பாகாயம் போகிற டவுன் பஸ்ஸில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரே துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு முணுமுணுக்கலாம், பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

பி1 தாண்டி பி2 போகும்போது கதை மாறுகிறது. நான் படித்த புத்தகம், நான் படித்த ஊர், நான் பேசிய விஷயம், நான் எழுதிய பேனா: தமிழில் நாலும் ஒரே அச்சு. பிரெஞ்சில் முதலாவதுக்கு 'க', ஊருக்கு 'ஊ', விஷயத்துக்கு 'தோன்', பேனாவுக்கு 'அவெக் லகெல்'. எந்த உறவு என்பதைப் பெயரெச்சம் சொல்லாமலே விட்டுவிடுவதால் தமிழ் வழி இங்கே படுத்துவிடும். பேச்சைக் கேட்டே பிடித்துக்கொள்ளலாம் என்றால் லகெல் வகையறா அன்றாடப் பேச்சில் அவ்வளவாக வருவதில்லை. ஆங்கிலத்தின் 'வித் விச்', 'அபவுட் விச்' தான் இந்த இடத்தில் ஓரளவு கைகொடுக்கிறது, அத்துடன் நிறைய எழுத வேண்டும். டெல்ஃப் என்ற பிரெஞ்சுச் சான்றிதழ் தேர்வின் பி2 எழுத்துப் பகுதியில் 250 சொல்லுக்குக் கருத்து எழுதச் சொல்கிறார்கள், மொத்தத் தேர்வில் நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் பாஸ், ஆனால் நான்கு பகுதியில் எதிலும் ஐந்துக்குக் கீழே போகக்கூடாது.

இன்னொன்று. 'ல லுய்' சேர்ந்து வரும் இடத்தில் பிரெஞ்சுக்காரர்களே பேச்சில் பல நேரம் 'ல'வை முழுங்கிவிடுவார்கள். கேட்டுப் பழகியவர்கள் அதையே தேர்வுத்தாளில் எழுதினால் மார்க் போகும், தாளில் இரண்டையும் எழுதிவிடுங்கள்.