ஃபூர்காடின் எந்தப் பந்தயத்தை முதலில் பார்ப்பது?

மார்ட்டின் ஃபூர்காட் 2011-12 முதல் தொடர்ந்து 7 உலகக் கோப்பைப் பட்டங்கள் வென்ற பிரெஞ்சு பயத்லான் வீரர். பனிச்சறுக்கும் துப்பாக்கிச் சுடுதலும் கலந்த இந்த விளையாட்டுக்குப் புதியவர்கள் பலரும் தடுமாறுவது அவருடைய இரண்டு ஒலிம்பிக் தங்கங்களுக்கு நடுவே: 2014 சோச்சி பர்சூட்டா (துரத்தல் பந்தயம்), 2018 பியாங்சாங் மாஸ் ஸ்டார்ட்டா (எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் பந்தயம்)?

தூரம்: சோச்சி 12.5 கி.மீ.; பியாங்சாங் 15 கி.மீ.

புரிவது: சோச்சியில் முந்தைய ஸ்பிரிண்ட் பந்தய இடைவெளிப்படி ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். ஃபூர்காட் ஆறாவதாகக் கிளம்பினார். பியாங்சாங்கில் 30 பேரும் ஒன்றாகப் புறப்படுவதால் முன்கதையே வேண்டாம்.

சுடுதல்: இரண்டிலும் ஒன்றுதான். 4 முறை, மொத்தம் 20 குண்டுகள், ஒரு தவறுக்கு 150 மீட்டர் கூடுதல் சுற்று.

முடிவு: சோச்சியில் சுமார் 14 விநாடி முன்னிலை, அவருடைய முதல் ஒலிம்பிக் தங்கம். பியாங்சாங்கிலோ, ஜெர்மனியின் சிமோன் ஷெம்ப்பும் அவரும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட்டார்கள். தோற்றுவிட்டோம் என்று நினைத்து ஃபூர்காட் கைக்கோலைப் பனியில் ஓங்கி அடித்தார். அப்புறம் புகைப்படம் பார்த்துத்தான் தங்கம் அவருக்கு என்றார்கள். சோச்சி மாஸ் ஸ்டார்ட்டில் இதே மாதிரி புகைப்பட முடிவில்தான் நார்வேயின் ஸ்வென்ட்சனிடம் தங்கத்தை இழந்திருந்தார். அது தெரிந்து பார்த்தால் அந்த அடி நெஞ்சில் விழும்.

புதியவர் என்றால் யோசிக்காமல் பியாங்சாங். துரத்திப் பிடித்து முன்னே போகும் கணக்கை ரசிக்க வேண்டுமென்றால் சோச்சி. ஆனால் ஸ்பிரிண்டை முதலில் பார்த்துவிடுங்கள்.