விமான தூரம் காட்டும் தளம்: கிலோமீட்டர் சரி, மணிக்கணக்கை நம்பாதீர்கள்

அக்கா பிரசவத்துக்காக அம்மாவைத் தனியாக டொரான்டோவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வடசென்னையில் இருக்கும் எங்கள் திருவொற்றியூரை விட்டு அவர் அதிகபட்சம் போனது திருப்பதி வரைக்கும்தான். சுகர் மாத்திரை எத்தனை வேளைக்குக் கைப்பையில் வைக்கணும் என்று கேட்டார். நான் பெரிய ஆள் மாதிரி, இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் தூரமும் நேரமும் சொல்லும் ஓர் இலவச இணையதளத்தைத் திறந்தேன். முதலில் 7,230 என்று காட்டியது, அட இவ்வளவுதானா என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், அப்புறம்தான் பார்த்தால் அது நாட்டிகல் மைல் (கப்பல், விமானப் பயணத்துக்கான அளவு, ஒன்று 1.852 கிமீ). மாற்றியதும் 13,390 கிமீ, 15 மணி 40 நிமிடம்.

தூரத்தில் குறை சொல்ல முடியாது. அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து நானே கணக்குப் போட்டேன், ஒத்துப்போகிறது. வரைபடத்தில் கோடு மட்டும் கோணலாகத் தெரியும்: பாகிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யா என்று ஏறி, 73 டிகிரி வடக்கைத் தாண்டி, கிரீன்லாந்து மேலே இறங்கி கனடாவுக்குள் நுழைகிறது. அது தப்பில்லை. ஒரு பந்தில் இரண்டு புள்ளி வைத்து நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், அப்படித்தான் போகும்.

நேரம்தான் சொதப்பல். தூரத்தை மணிக்கு சுமார் 885 கிமீ என்ற ஒரே வேகத்தால் வகுத்து, மேலே அரை மணி சேர்த்தால் அந்தத் தளம் சொல்லும் நேரம் வந்துவிடுகிறது, அவ்வளவுதான் அதன் சூட்சுமம். மேற்கே போகும்போது எதிர்காற்று, அதனால்தான் சென்னையிலிருந்து லண்டன் போக ஆகும் நேரம் திரும்பி வருவதைவிட அதிகம், அதெல்லாம் கணக்கில் இல்லை. அந்தக் கோட்டில் எல்லோரும் பறக்கவும் முடியாது: 2022இல் ரஷ்யா கனடா விமானங்களுக்கும், 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கும் வான்வெளியை மூடின. எல்லாவற்றையும் விட, நாங்கள் டிக்கெட் தேடியபோது சென்னையிலிருந்து டொரான்டோவுக்கு நேரடி விமானமே இல்லை! இல்லாத விமானத்துக்கு நிமிடம் வரை கணக்கு.

அம்மா போனது துபாய் வழியாக. துபாய்க்கு 2,930 கிமீ, அங்கிருந்து 11,080, ஆக நேர்கோட்டைவிட 600 கிமீ சொச்சம்தான் கூடுதல். ஆனால் நாலு மணி நேரம், துபாயில் இன்னொரு நாலு மணி நேரம், மறுபடி பதினாலு. விமானம் விடியற்காலை 4 மணிக்கு, மெட்ரோ இரவு 11 மணியோடு முடிந்துவிடும், அதனால் கால் டாக்சி. வீட்டிலிருந்து மீனம்பாக்கம் நேர்கோட்டில் இருபது கிலோமீட்டர் சொச்சம், ஆனால் எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரி வரிசையில் நின்ற நேரத்தை எந்தத் தளமும் சொல்லாது. இரவு பதினொன்றரைக்குக் கிளம்பியவர் அக்கா வீட்டுக்குள் காலை வைக்க 29 மணி நேரம். டொரான்டோ கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் என்பதால் அங்கே இறங்கியது விமானம் ஏறிய அதே நாள் சாயங்காலம் நாலரை. பக்கத்து வீட்டு ஆயா "காலைல ஏறி சாயங்காலமே போய்ட்டாங்களா, மதுரைக்குப் போற மாதிரி" என்று இன்னமும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கிலோமீட்டருக்காக ஐந்துக்கு மூன்று. நேரம் வேண்டுமானால் டிக்கெட்டில் இருப்பதைப் பாருங்கள். மாத்திரை நல்லவேளை, அம்மா என் பேச்சைக் கேட்காமல் ஒரு அட்டை முழுசாக எடுத்துப் போயிருந்தார்.